இரட்டைக் குழல் துப்பாக்கியும் விதி மூன்றும்: சேரி வீட்டின் தற்காப்பைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

2025 மே 28 அன்று அசாம் அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. துப்ரி, நகாவ், மோரிகாவ், பார்பேட்டா, கோல்பாரா, தெற்கு சால்மாரா உள்ளிட்ட பகுதிகளில் வாழும் ‘மண்ணின் பூர்வகுடிகள்’ தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் பெறுவதை எளிதாக்கும் திட்டம் அது. அவை வங்காள வம்சாவளி முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகள். அங்கே எண்ணிக்கையில் குறைந்துவிட்ட பூர்வகுடிகள் அச்சத்தில் வாழ்கிறார்கள் என்று முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மா காரணம் கூறினார். விண்ணப்பிப்பதற்கென்று தனி இணையதளமும் பின்னர் திறக்கப்பட்டது. யாருக்கு எதிராக இந்தத் துப்பாக்கிகள் என்பதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இத்திட்டத்தை எதிர்ப்பதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் எதிர்க்கும்போதே இன்னொரு கேள்வியும் எழுகிறது. அச்சத்தில் வாழும் ஒரு மக்கள் பிரிவுக்கு அரசே துப்பாக்கி உரிமம் வழங்கலாம் என்ற ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அது அசாமுக்காக எழுதப்பட்டதன்று. பட்டியல் சாதியினருக்காகவும் பழங்குடியினருக்காகவும் எழுதப்பட்டது. 1995ஆம் ஆண்டிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. சட்டக் கல்லூரியில் நமக்கு அதை எவரும் பாடமாக நடத்தவில்லை. வன்கொடுமை வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் பழகிய வழக்கறிஞர்கள் பலரும் அதை ஒருமுறைகூட மனுவில் எழுதியதில்லை. அசாமில் சில வாரங்களில் வேலைசெய்யத் தொடங்கிய நிர்வாக இயந்திரம், முப்பது ஆண்டுகளாக இங்கே ஏன் அசையவில்லை?

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3(1) மாநில அரசின் முன்தடுப்புக் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. வன்கொடுமை நிகழக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள பகுதிகளை அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் சென்று நிலைமையை ஆராய வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். சிறப்புக் காவல் படையை நிறுத்த வேண்டும். இவற்றுக்கு நடுவே இரண்டு உட்பிரிவுகள் உள்ளன. மூன்றாவது உட்பிரிவின்படி, தேவையெனக் கருதினால், அடையாளம் காணப்பட்ட பகுதியில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். உரிமதாரர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினர்கள், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களையும் ரத்து செய்யலாம் என்று விதி விரிகிறது. ஐந்தாவது உட்பிரிவின்படி, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளிக்கும் நோக்கில், தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்கலாம்.

விதியை எழுதியவர்களுக்குச் சாதி நில உடைமையின் கட்டமைப்பு தெரிந்திருக்கிறது. வேலையாளின் பெயரில் உரிமம் வாங்கிப் பண்ணையார் துப்பாக்கி வைத்திருப்பார் என்பதை அறிந்தவர்களால்தான் ‘வேலையாட்கள்’ என்ற சொல்லை அங்கே போட்டிருக்க முடியும். ஆயினும் இரண்டு உட்பிரிவுகளிலும் ‘தேவையெனக் கருதினால்’ என்ற சொற்றொடர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருதுகிறவர் யார் என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

துப்பாக்கி உரிமம் என்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வருவது. அதன் 13ஆம் பிரிவைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். கைத்துப்பாக்கியோ ரைபிளோ கேட்பவர் தமக்கு அது தேவை என்பதற்குத் தக்க காரணம் உண்டென்று உரிம அதிகாரியை நம்பவைக்க வேண்டும். ஆனால் குழலின் உட்புறம் வழவழப்பாக உள்ள, குழல் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாத துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ குடிமகன் ஒருவர் கேட்டால், உரிம அதிகாரி ‘வழங்க வேண்டும்’ என்கிறது 13(3). நம் ஊர்களில் இரட்டைக் குழல், ஒற்றைக் குழல் என்று சொல்லப்படும் 12 போர் துப்பாக்கி இந்த வகையைச் சேர்ந்தது. 14ஆம் பிரிவின் மறுப்புக் காரணங்கள் இதற்கும் பொருந்தும் என்பது உண்மை. மனநலக் குறைபாடு, சட்டத்தால் தடைசெய்யப்பட்ட நபர், ‘ஏதேனும் காரணத்தால் தகுதியற்றவர்’, பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு ஆகியவை அக்காரணங்கள். ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக்கூடாது என்கிறது. மூன்றாம் உட்பிரிவு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும், கேட்டால் விண்ணப்பதாரருக்குச் சுருக்கமாகத் தர வேண்டும் என்றும் கூறுகிறது. பொதுநலன் கருதித் தராமலிருக்கலாம் என்ற விலக்கும் அதில் உண்டு. காவல் துறை உரிய காலத்துக்குள் அறிக்கை அனுப்பாவிட்டால், அதற்காகக் காத்திராமல் முடிவெடுக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

ஆக, நிலமற்ற கூலித் தொழிலாளியும் 12 போர் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம். ஏழை என்பதற்காக அவரை மறுக்க முடியாது. இது ஏட்டில் இருக்கும் நிலை. நடைமுறையில் நிகழ்வது வேறு. விண்ணப்பம் காவல் நிலையத்துக்குப் போகிறது. ‘இவருக்கு உயிர் அச்சுறுத்தல் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை’ என்றோ ‘இவருக்கு உரிமம் வழங்கினால் சட்டம் ஒழுங்கு கெடும்’ என்றோ அறிக்கை வருகிறது. ஒரே வாசலில் அச்சுறுத்தலும் இல்லை, கொடுத்தால் கலவரமும் வரும் என்று இரண்டையும் சேர்த்து எழுதும் அறிக்கைகளும் உண்டு. இந்த முரண்பாட்டை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டினால், பெரும்பாலும் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பப்படும். அதே அறிக்கை புதிய தேதியோடு மீண்டும் வரும்.

இன்னும் நுட்பமான தடை ஒன்று 9ஆம் பிரிவில் உள்ளது. அமைதி காப்பதற்காகவோ நன்னடத்தைக்காகவோ பிணைப்பத்திரம் எழுதித்தர உத்தரவிடப்பட்ட ஒருவர், அந்தப் பத்திரத்தின் காலம் முடியும்வரை துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகளை நம் ஊர்களில் அறியாத இளைஞர் குறைவு. இப்போது அவை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126, 129. தேர்த் திருவிழாவில் தகராறு, சுவரொட்டியைக் கிழித்ததில் தகராறு, சிலைக்கு மாலை போட்டதில் தகராறு. உடனே ‘இரு தரப்பினர்’ மீதும் அமைதிப் பிணை நடவடிக்கை. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே தாளில் கையெழுத்திடுகிறார்கள். சமநிலை என்ற பெயரில் நடக்கும் இந்தச் சடங்கு தாக்கப்பட்டவரின் சட்டபூர்வத் தற்காப்புத் தகுதியையும் அமைதியாகப் பறித்துவிடுகிறது. எனவே அமைதிப் பிணைக் கூட்டத்தில் ‘கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது’ என்று சொல்லும் அதிகாரியிடம், இந்தப் பின்விளைவை முன்வைத்து ஆட்சேபம் எழுதித்தருவது நம் வழக்கறிஞர்களின் வேலை.

பிறப்பை வைத்துத் துப்பாக்கி உரிமை வழங்குவது இந்தியாவுக்குப் புதிதுமன்று. குடகில் கொடவர்களும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களும் குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளை உரிமமின்றி வைத்திருக்க விலக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய அந்த விலக்கை ஒன்றிய அரசு 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை, நீட்டித்தது. அதை எதிர்த்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. கொடவர்கள் போர் மரபு கொண்டவர்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களின் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியபோது ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. அதற்கும் முன்னால் ஆயுதம் யாருடைய கைக்கு உரியது என்பதைச் சாத்திரங்கள் வரையறுத்திருந்தன. 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர், இந்நாட்டின் அடித்தட்டு மக்கள் புரட்சி செய்யாமல் போனதற்கான காரணங்களில் ஒன்றாக அவர்களுக்கு ஆயுதம் மறுக்கப்பட்டதைக் குறிப்பிட்டார். அதை உருவகமாக அவர் சொல்லவில்லை. மகர் படைவீரரின் மகன் அவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டதன் வலியை வீட்டிலேயே கண்டவர்.

இதுவரை உரிமையைப் பேசினோம். இனி கருவியைப் பேச வேண்டும். நம் கூட்டங்களில் ‘ஆளுக்கொரு துப்பாக்கி கொடு’ என்ற முழக்கம் எழும்போது, அந்தத் துப்பாக்கி எப்படிப்பட்டது என்பதை எவரும் கேட்பதில்லை.

12 போர் என்றால், குழலின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டு ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடை இருக்கும் என்று பொருள். விட்டம் சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர். உரிமப் புத்தகத்தில் எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். என்று எழுதுவார்கள், முன்னது பின்புறம் தோட்டா போடும் ஒற்றைக் குழல், பின்னது இரட்டைக் குழல். முன்வாய் வழியாகக் கரிமருந்து கெட்டித்துப் பால்ரஸ் குண்டு போடுவது வேறு வகை. பயிர்க் காவலுக்கென்று விவசாயிகளுக்கு அதற்கு உரிமம் தருவதுண்டு. இரட்டைக் குழலில் இரண்டு முறை சுடலாம். பிறகு திறந்து, தோட்டா மாற்ற வேண்டும். தோட்டாவிலும் வகைகள் உள்ளன. 4, 6, 8 என்று எண்ணிட்டவை பறவை வேட்டைக்கானவை. நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் உள்ளே இருக்கும். எஸ்.ஜி., எல்.ஜி. எனப்படுபவற்றில் பட்டாணியளவு ஈயக் குண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும். காட்டுப் பன்றியையும் மனிதரையும் கொல்லக்கூடியவை. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதையும் உரிமப் புத்தகமே வரையறுக்கும்.

அமெரிக்காவில் வீட்டுத் தற்காப்புக்கு எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்பது ஒரு பெரிய இலக்கியமாகவே வளர்ந்திருக்கிறது. அதைப் படித்துப் பார்த்தால், அந்த ஆலோசனைகள் ஒரு குறிப்பிட்ட வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது புலப்படும். தனித்து நிற்கும் வீடு. பூட்டிய கதவு. படுக்கையறைக்கு முன் ஒரு நடை. இரவில் நுழையும் ஒருவரோ இருவரோ. குடும்பத்தினர் பின்னறையில் பதுங்க, வீட்டுக்காரர் நடையின் முனையில் துப்பாக்கியோடு நின்று காவல் துறைக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். அவர்கள் வந்து சேர்கிறார்கள். அங்கேகூட அனுபவமுள்ளோர் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. சுட்டால் குண்டுகள் அறை முழுக்கப் பரவி எதிரியை வீழ்த்தும் என்பது திரைப்படக் கற்பனை. ஓர் அறையின் தொலைவில் அவை ஒரு கையகலம்கூடப் பரவுவதில்லை. குறி தவறினால் தவறியதுதான். தவறிய பெருங்குண்டு மெல்லிய தடுப்புச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குள் போகும்.

நம் குடியிருப்பை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்கிடும் தொகுப்பு வீடுகள். கூரையும் கல்நார்த் தகடும் போட்ட ஓரறை இல்லங்கள். பதுங்குவதற்குப் பின்னறை ஏது? எஸ்.ஜி. தோட்டா ஒன்று குறி தவறினால் அது போய்த் தைப்பது அண்டை வீட்டுத் தொட்டிலாக இருக்கக்கூடும். தாக்க வருகிறவரும் தனி ஆளாக வருவதில்லை. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் அதையொட்டிய குடியிருப்புகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டபோது வந்தது பெருங்கூட்டம், ஆயுதம் நெருப்பு. 2018 மே 28 இரவில் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் மூவரைக் கொன்றவர்கள் கும்பலாக வந்து வெட்டினார்கள். 2022இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் கொல்லப்பட்டது வீட்டில்கூட இல்லை, பேருந்துப் பயணத்தின்போது. அந்தக் கொலையின் பின்னணி ஊராட்சித் தேர்தல். தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தனித் தொகுதியில் வேட்புமனு போட்டவருக்கு மிரட்டல் உச்சமடையும் வாரங்களில் அவருடைய துப்பாக்கி காவல் நிலைய அலமாரியில் இருக்கும்.

பீகார் வேறு கதை. அங்கே தாக்கியவர்களின் கையில் துப்பாக்கி இருந்தது. 1996 ஜூலையில் பதானி தோலாவில் 21 பேர், 1997 டிசம்பர் 1 இரவில் லக்ஷ்மண்பூர் பாத்தேயில் 58 பேர் ரன்வீர் சேனையால் கொல்லப்பட்டனர். கீழமை நீதிமன்றங்கள் விதித்த தண்டனைகளை 2012இலும் 2013இலும் பாட்னா உயர் நீதிமன்றம் ரத்து செய்து அனைவரையும் விடுவித்தது. 2018 ஏப்ரல் 2 பாரத் பந்த் நாளில் குவாலியர் வீதியில் ஒருவர் கைத்துப்பாக்கியால் சுடுவதை நாடே காணொளியில் பார்த்தது. குவாலியர், பிண்ட், மொரேனா பகுதிகள் துப்பாக்கிப் பெருக்கத்துக்குப் பெயர்போனவை. ஒன்றிய உள்துறையின் 2016 இறுதிக் கணக்குப்படி நாட்டில் இருந்த ஏறத்தாழ 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்களில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் இருந்தன. இத்தகைய நிலப்பரப்பில் விதி 3(1)இன் மூன்றாவது உட்பிரிவே முதன்மையானது என்பது நம் கருத்து. சேரியில் ஒரு துப்பாக்கியைச் சேர்ப்பதைக் காட்டிலும் ஊரில் இருக்கும் பத்துத் துப்பாக்கிகளைக் கிடங்குக்கு அனுப்புவது அதிக உயிர்களைக் காக்கும்.

சுட்ட பிறகு சட்டம் என்ன செய்யும் என்பதையும் மாணவத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். தனிநபர் தற்காப்புரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளது. முன்பு தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை. உயிர்போகும் அச்சம் நியாயமாக இருந்தாலும், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்கும்போதும் தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்குத் தற்காப்புரிமை நீளும். 44ஆம் பிரிவின் விளக்க எடுத்துக்காட்டு வியப்பானது. ஒரு கும்பல் ஒருவரைக் கொல்ல வருகிறது. கும்பலுக்குள் சிறுவர்களும் கலந்திருக்கிறார்கள். சுடாமல் அவரால் தப்ப முடியாது. சுட்டதில் சிறுவர் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது. மெக்காலே காலத்து வரைவாளர்கள் கும்பலைக் கற்பனை செய்திருக்கிறார்கள். கும்பலின் நடுவே தனியாக நிற்கும் மனிதர் எந்தச் சாதி என்று அவர்கள் கேட்கவில்லை. வழக்கைப் பதிவு செய்யும் ஆய்வாளர் கேட்பார்.

37ஆம் பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்த இடத்தில் தற்காப்புரிமை கிடையாது. அச்சுறுத்தல் முன்கூட்டியே தெரிந்ததால்தான் துப்பாக்கி வாங்கினார் எனில், ‘தெரிந்தவர் ஏன் காவல் துறையிடம் போகவில்லை’ என்று அரசுத் தரப்பு கேட்கும். தற்காப்பு விதிவிலக்கை மெய்ப்பிக்கும் சுமையும் சுட்டவர் மீதுதான். சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட அளவுக்கு மெய்ப்பிக்கத் தேவையில்லை, சாத்தியக்கூற்றைக் காட்டினால் போதும் என்பது ஆறுதல். தர்ஷன் சிங் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் தற்காப்புரிமையின் கோட்பாடுகளைத் தொகுத்தபோது, ஆபத்தின் நடுவில் நிற்பவர் தம் எதிர்வினையைத் தராசில் வைத்து அளப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்ற நிலையை உறுதி செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது வந்து சேர்வதற்குள் விசாரணைக் கைதியாக எத்தனை ஆண்டுகள்? எதிர் வழக்கு இல்லாத வன்கொடுமை வழக்கே அரிது. துப்பாக்கியால் சுட்டவர் மீதான எதிர் வழக்கு கொலை முயற்சியாகவோ கொலையாகவோ இருக்கும். அந்த வழக்கைக் காட்டியே வன்கொடுமை வழக்கைச் சமரசத்துக்கு இழுப்பார்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் இங்கே நமக்கு நேரடியாகப் பயன்படும். 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதிய டு பாய்ஸ், 1906 செப்டம்பர் அட்லாண்டா கலவரத்தின்போது ஒரு வின்செஸ்டர் இரட்டைக் குழல் துப்பாக்கியும் பெருங்குண்டுத் தோட்டாக்கள் இரண்டு டஜனும் வாங்கினார். வெள்ளைக் கும்பல் தம் குடியிருப்பு வளாகத்தில் கால்வைத்திருந்தால் சுட்டிருப்பேன் என்று தன்வரலாற்றில் எழுதினார். 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் முன்னாள் படைவீரர்களும் தொழிலாளர்களுமாகச் சேர்ந்து ‘தற்காப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். குடியுரிமைச் செயற்பாட்டாளர்களின் வீடுகளுக்கு இரவுக் காவல் இருந்தனர். அகிம்சை இயக்கத்தின் பின்வாசலில் துப்பாக்கி சாய்த்து வைக்கப்பட்டிருந்த வரலாறு இது. நம் பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை.

மறுபக்கமும் அதே வரலாற்றில் இருக்கிறது. 1956 ஜனவரியில் மாண்ட்காமரியில் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. வீடு குண்டுவீச்சுக்கு உள்ளானவருக்கு அச்சுறுத்தல் இல்லை என்று கருதும் அதிகாரி அங்கும் இருந்தார். கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படி துப்பாக்கி ஏந்திக் காவல் துறையைக் கண்காணித்தபோது, 1967இல் மல்ஃபோர்ட் சட்டம் வந்தது. ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். அவர்களுடைய பெயரைத்தான் ஐந்தாண்டுகள் கழித்து பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டனர். 2022இல் நியூயார்க்கின் உரிமச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்த புரூயன் வழக்கில், ஏழைகளுக்காக வாதாடும் பிராங்க்ஸ் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர்களும் கறுப்பின வழக்கறிஞர்களும் துப்பாக்கி ஆதரவு அமைப்பின் பக்கமே மனு தாக்கல் செய்தார்கள். அதிகாரியின் விருப்புரிமையால் சிறைக்குப் போகிறவர்கள் தங்கள் கறுப்பின, லத்தீனியக் கட்சிக்காரர்களே என்பது அவர்களுடைய வாதம். அவர்களோடு முழுமையாக உடன்பட நம்மால் இயலவில்லை. ஆனால் விருப்புரிமையைப் பற்றி அவர்கள் சொன்னது ‘தேவையெனக் கருதினால்’ என்ற சொற்றொடருக்கும் பொருந்தும். 2016இல் மினசோட்டாவில் ஒரு கறுப்பின ஓட்டுநர் தம்மிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் பணிவாகச் சொன்னார். அடுத்த நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். காவலர் விடுவிக்கப்பட்டார்.

வீட்டுக்குள் நடப்பதும் உண்டு. 1993இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கெல்லர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி உள்ள வீடுகளில் வீட்டிலேயே ஒருவர் கொலையாகும் ஆபத்து சுமார் 2.7 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. கொன்றவர்கள் பெரும்பாலும் குடும்பத்தினரோ தெரிந்தவர்களோ. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். குடியும் கடனும் சண்டையும் உள்ள வீடுகளை நாம் அறிவோம். சேரிப் பெண்கள் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை வைத்துப் பாருங்கள். ஆண்கள் கூட்டத்தில் எழும் கைதட்டல் அங்கே எழாது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அதை எங்கே பூட்டி வைப்பது, சாவி யாரிடம் இருக்கும் என்பதாகத்தான் இருக்கும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழியையும் பயிற்சியையும் கேட்கின்றன.

அரசே மக்களை ஆயுதபாணியாக்கும் திட்டங்களின் முடிவையும் நாம் பார்த்திருக்கிறோம். சத்தீஸ்கரில் சல்வா ஜுடும் காலத்தில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கித் துப்பாக்கி கொடுத்ததை, நந்தினி சுந்தர் வழக்கில் 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானதென அறிவித்தது. பாதுகாப்பளிக்கும் கடமையைக் குடிமக்களின் தோளில் அரசு இறக்கி வைக்க முடியாது என்பதே அதன் சாரம். அசாம் திட்டத்தை எதிர்க்கவும் அதே தீர்ப்பே நமக்குக் கருவி. அதே தர்க்கத்தை நம் கோரிக்கைக்கு எதிராகவும் திருப்பலாம், திருப்புவார்கள். ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அசாமில் அரசு முழுவதும் தன் பக்கம் நிற்கும் பிரிவுக்கு ஆயுதம் தருகிறது. விதி 3 பேசுவது, காவல் துறை வந்து சேராது என்பது பட்டறிவாகிவிட்ட மக்களைப் பற்றி.

ஆகவே நம் நிலைப்பாடு இது. துப்பாக்கியை ஓர் இயக்கக் கோரிக்கையாக, ஊர் ஊராக, நாம் முன்வைக்கக்கூடாது. அச்சுறுத்தப்பட்ட தனிநபர்களுக்காக, தேர்ந்தெடுத்து, விண்ணப்பிக்கலாம்: சாட்சிகள், ஊராட்சித் தலைவர்கள், சாதி மறுப்புத் திருமணத்தால் மிரட்டப்படுபவர்கள், தனித்து ஒதுங்கிய வீடுகளில் வாழ்பவர்கள். உரிமம் கிடைத்தால் அதை வாங்குவதா வேண்டாமா என்பதைக் குடும்பம் முழுவதும் சேர்ந்து, பெண்களின் சொல்லுக்கு எடை கொடுத்து, முடிவு செய்யட்டும். கிடைக்காவிட்டாலும் அந்த விண்ணப்பம் வீணன்று.

ஏனென்றால் விண்ணப்பம் ஓர் ஆவணம். அச்சுறுத்தல் இன்ன தேதியில் இன்ன வடிவில் இருக்கிறது என்று ஆட்சியரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டால், நாளை தாக்குதல் நடக்கும்போது ‘முன்கூட்டியே தெரியாது’ என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் கடமை தவறியதற்கான வழக்குக்கும், 37ஆம் பிரிவின் கண்ணியைத் தாண்டுவதற்கும், 15அ பிரிவின்கீழ் சாட்சிப் பாதுகாப்புக் கேட்பதற்கும் அந்த ஒரே தாள் உதவும்.

மனுவை எழுதும் விதம் முக்கியம். ஆயுதச் சட்டத்தின் படிவத்தை மட்டும் நிரப்பிக் கொடுப்பது போதாது. விதி 3(1)ஐக் குறிப்பிட்டுத் தனி மனு ஒன்றும் இணைக்க வேண்டும். அதில் முதல் கோரிக்கை, பகுதியை வன்கொடுமைக்கு வாய்ப்புள்ள பகுதியாக அடையாளம் காண்பது. இரண்டாவது, அப்பகுதியில் ஆதிக்க சாதியினர் வைத்திருக்கும் துப்பாக்கி உரிமங்களின் பட்டியலை ஆய்ந்து, மூன்றாவது உட்பிரிவின்கீழ் ரத்து செய்வது. மூன்றாவது, காவல் படையை நிறுத்துவது. நான்காவதாகவே உரிமம். மிரட்டியவர்களை அப்பகுதியிலிருந்து வெளியேற்றச் சிறப்பு நீதிமன்றத்துக்கு 10ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. முன்தடுப்பு நடவடிக்கைக்கு 17ஆம் பிரிவு இருக்கிறது. இவற்றையும் மனுவில் சேர்க்க வேண்டும். முந்தைய புகார்களின் ஏற்புச் சீட்டுகள், மிரட்டல் குறுஞ்செய்திகளின் அச்சுப்படி, முதல் தகவல் அறிக்கைகள் ஆகியவை இணைப்புகள். விண்ணப்பதாரர் மீது அமைதிப் பிணை நிலுவையில் இருந்தால் அதை மறைக்காமல், அது பதியப்பட்ட சூழலை விளக்கி, முதலில் அதை ரத்து செய்யும் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும்.

மறுப்பு வாய்மொழியாக வந்தால் ஏற்க வேண்டாம். 14(3)ஐக் குறிப்பிட்டுக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிடைத்ததும் 18ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீட்டுக்கான காலக்கெடு ஓடத் தொடங்கும். ‘அச்சுறுத்தல் இல்லை’ என்று காவல் துறை எழுதியிருந்தால், அந்த அறிக்கையின் சான்றிட்ட நகலை வாங்கி, அதே நிலையத்தில் முன்பு பதியப்பட்ட முதல் தகவல் அறிக்கையோடு சேர்த்து உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் அடுத்த கூட்டத்திலும் அதன் நகல் உறுப்பினர் ஒவ்வொருவரின் கையிலும் இருக்கட்டும்.